வெண்புள்ளிக்கு நான் செய்த உபயம்

மருந்துக்கடைக்காரனுக்கு ஊரில் யாருக்கு என்ன வருத்தம் என்று எல்லாம் தெரிந்திருக்கும். ஒன்றுமே தெரியாதவன் போல முகத்தை வைத்திருக்கத் தெரிந்தால்தான் கடை ஓடும்.

சங்கானைச் சந்தைக்குக் கிட்ட இருபது வருஷம் மருந்துக்கடை நடத்தியவன் நான். அந்த இருபது வருஷத்தில் பட்ட பாட்டையெல்லாம் சேர்த்துத் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் செலவில் நான் வைத்த ஒரு கூட்டத்தை மற்றத் தட்டில் வையுங்கள். கூட்டம் இருக்கிற தட்டுத்தான் கீழே போகும். உங்களில் யாராவது சொந்தச் செலவில் ஊருக்கு நல்லது செய்யப் புறப்பட்டிருந்தால் மேலே வாசிக்காமலே என் பாடு விளங்கும். மற்றவர்கள் வாசியுங்கள், ஒருநாள் நீங்களும் மாட்டுப்படுவீர்கள்.

கூட்டம் எதற்கென்றால், வெண்புள்ளிக்கு. தோலில் அங்கங்கே நிறம் போய் வெள்ளை வெள்ளையாகத் தெரியுமே, அதற்கு. அதில் நோவில்லை, அரிப்பில்லை. தொட்டால் ஒட்டாது, ஆளைக் கொல்லாது. ஆனால் அது வந்தவரை ஊர் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் என் கடையில் மருந்து இருக்கவில்லை.

சொந்தத்தில் ஓராள்

என் கடைக்கு வந்து வெண்புள்ளிக்கு மருந்து கேட்ட எவருக்கும் வெண்புள்ளி இருந்ததில்லை. எல்லாருமே சொந்தத்தில் ஓராளுக்காகத்தான் கேட்டார்கள். அந்த ஆள் ஒருநாளும் கிட்டடியில் இருக்கமாட்டார். வட்டுக்கோட்டையிலிருந்து வருகிறவரின் சொந்தக்காரர் தெல்லிப்பழையில் இருப்பார். தெல்லிப்பழையிலிருந்து பஸ் ஏறி என்னிடம் வருகிறவரின் சொந்தக்காரர் வட்டுக்கோட்டையில் இருப்பார். அந்தந்த ஊரிலேயே மருந்துக்கடை இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தொடக்கத்தில் சொன்ன முகத்தைத்தான் வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். காகம்கூட நிழல் தேடுகிற வெயில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரைக்கும் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்காம். கையில்தானா, எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று நான் கேட்டேன். மருந்து கொடுக்க அது தெரியவேண்டும் அல்லவா? அவர் நெற்றியில் வடிந்த வேர்வையைத் துவாயால் துடைத்துவிட்டு, வலு அமைதியாகச் சொன்னார்: "அவன் சட்டைக்கையை மடிக்கிறேல்லை, அதாலை எனக்குத் தெரியாது."

கனகலிங்கத்தின் கை

சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன், அது என் கடைக்குள்ளேயே வராமல் இருந்திருந்தால். கனகலிங்கம் பன்னிரண்டு வருஷம் என்னோடு நின்றவன். முப்பத்தைந்து வயது, கலியாணம் ஆகவில்லை, தாயோடு இருந்தான். டாக்குத்தர்மாரின் எழுத்தை வாசிக்க அவனை விட்டால் ஆளில்லை. மருந்துத் துண்டைப் பார்த்தால் எனக்கு மழைக்குப் பிறகு நாக்கிளிப்புழு ஊர்ந்த மண்தான் தெரியும். அவன் ஒருதரம் பார்த்துவிட்டு அலுமாரியைத் திறப்பான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, கடை என்னுடையது, கண் அவனுடையது.

முதலில் அவன் விரல் நுனிகளில் வெள்ளை விழுந்தது. பிறகு உதட்டோரத்தில். பிறகு இரண்டு புறங்கையிலும். சனம் ஒன்றும் சொல்லவில்லை. காசை அவன் கையில் கொடுக்காமல் கண்ணாடி மேசையில் வைத்தார்கள். சந்தையில் மரக்கறி விற்கிற அன்னம்மாக்கா, பன்னிரண்டு வருஷமாக அவனிடமே சீனி வருத்தத்துக்குக் குளிசை வாங்கியவர், திடீரென்று என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்: "நீங்கள் எடுத்துத் தாங்கோ தம்பி, அவருக்கேன் கரைச்சல்." கனகலிங்கம் போத்தலைக் கீழே வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவான். நான் துண்டை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய், அவன் காதுக்குள் சொல்வதைக் கேட்டு, திரும்பி வந்து மருந்தை எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நாற்பது தரம்.

கார்த்திகை மாதம் ஒருநாள் கடை பூட்டுகிற நேரம் அவன் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். கணக்குப் பார்த்து முடித்தவன் போலச் சொன்னான்: "தை பிறந்தவுடனை நான் கிளிநொச்சிக்கு மாமாவின்ரை வயலுக்குப் போறன் அண்ணை. நெல்லு ஆரின்ரை கை எண்டு பாக்காது."

பேர் இல்லாத வருத்தம்

எனக்கு இரண்டு மாதம் இருந்தது. மருந்து விற்கிறவனுக்குத் தெரிந்த ஒரே வழி விளக்கம் சொல்வது. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பழக்கமான தோல் டாக்குத்தர் ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டி வந்து ஊர் வாசிகசாலையில் பேச வைப்பது என்று முடிவெடுத்தேன். மண்டபம், கதிரை, தேத்தண்ணி, ஒலிபெருக்கி எல்லாம் என் பொறுப்பு. ஊருக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் கனகலிங்கத்துக்காக. இன்னும் உண்மையைச் சொன்னால் எனக்காக.

அவன் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தான். தன் பேர் எங்கேயும் வரக்கூடாது, தான் கூட்டத்துக்கும் வரமாட்டான். நல்லூரானை நினைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

வாசிகசாலைத் தலைவர் சிவக்கொழுந்தர் தங்கமான மனிதர். அவருக்குத் தெரிந்த உபயம் கோயில் உபயம் மட்டும்தான். திருவிழாவின் ஒரு நாள் செலவை ஒரு குடும்பம் பொறுப்பெடுக்கும், அன்றைக்கு அவர்கள் உபயகாரர், ராசாக்கள். ஆகவே என்னையும் அவர் உபயகாரர் என்றே கூப்பிட்டார். ஒரு மேளம், ஒரு நாதஸ்வரம் பிடிப்போமா என்றுகூடக் கேட்டார். அதை எப்படியோ தடுத்துவிட்டேன். இந்தக் கூட்டம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று குடைந்து குடைந்து கேட்டபோது, கனகலிங்கத்தின் விஷயத்தை இரகசியமாகச் சொல்லிவிட்டேன். நான் செய்த முதலாவது பிழை அது.

பிறகு நோட்டீஸ் அடிக்கிற வேலை. அவர் எழுதிக் கொண்டுவந்த தலைப்பு 'பொதுச் சுகாதாரப் பெருவிழா'. வெண்புள்ளி என்று போடுங்கோ என்றேன். 'தோல் நலப் பெருவிழா' என்று மாற்றினார். வெண்புள்ளி என்று போடாவிட்டால் கூட்டமே வேண்டாம் என்று நான் எழும்பிவிட்டேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது: "வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாமல் வருத்தத்தைப் பற்றிக் கதைக்க ஏலாதோ?"

மூன்று பக்கமும் வெள்ளை மதில்

நோட்டீஸில் வெண்புள்ளி என்று கொட்டை எழுத்தில் வந்தது. நானும் தலைவரும் கோதுமை மாப் பசை காய்ச்சிக்கொண்டு சனிக்கிழமை காலமை ஒட்டப் போனோம். சுற்றிவரத் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. கிடுகில் பசை பிடிக்காது. சந்தியில் பொன்னம்பலம் மாஸ்டர் வீட்டுக்கு மட்டும்தான் மூன்று பக்கமும் மதில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்றது. மூன்று பக்கத்திலும் மும்மூன்று ஒட்டினோம். இவ்வளவு வசதியாக மதில் கட்டி வைத்திருக்கிறாரே என்று அவரை மனதுக்குள் மெச்சினேன்.

ஒன்பது மணிக்கு மாஸ்டர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். இளைப்பாறிய கணக்கு வாத்தியார், என் மூத்தவனுக்கும் படிப்பித்தவர். கையில் ஒன்பது நோட்டீஸும் ஈரத்தோடு இருந்தன. சுண்ணாம்பு அடித்ததே தை பிறந்ததும் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகத்தானாம். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படப்போவது அந்த மதில்தானாம். நான் மன்னிப்புக் கேட்டேன். நோய் ஒட்டாது, நோட்டீஸ்தானே ஒட்டியது என்று ஒரு பகிடியும் விட்டேன். அதை விட்டிருக்கக் கூடாது. நோட்டீஸ்களைக் கண்ணாடி மேசையில் சொத்தென்று போட்டுவிட்டுச் சொன்னார்: "உம்மடை வீட்டிலை ஒட்டும். உமக்கு மூண்டும் பொடியள்தானே."

பனையில் கட்டிய குழாய்கள்

வாசிகசாலை மண்டபம் இருபத்துநாலு அடி அகலம், அதைவிடக் கொஞ்சம் நீளம். தும்மினால் நாலு சுவரும் கேட்கும். டாக்குத்தரின் குரலும் மெல்லிய குரல்தான், ஆகவே உள்ளே ஒரு பெட்டி வைத்தால் போதும் என்று லவுட்ஸ்பீக்கர்காரர் தருமரிடம் இரண்டு தரம் சொன்னேன். பேச்சு மண்டபத்தை விட்டு வெளியே போகவே கூடாது, இது கூச்சப்படுகிற வருத்தம், வருகிற ஆட்களுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று விளக்கமும் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, வாசிகசாலை வாசலிலிருந்து சந்தி வரைக்கும் பனைக்குப் பனை குழாய் கட்டியிருந்தது. எட்டுக் குழாய். எட்டிலும் பக்திப்பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது.  கழற்றுங்கோ என்று கத்தினேன், பாட்டில் அது தருமருக்குக் கேட்கவில்லை. பாட்டை நிறுத்தியபிறகு கத்தினேன். கழற்ற ஒரு மணித்தியாலம் ஆகும், டாக்குத்தர் வந்துவிடுவார் என்றார். ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது: "உபயமெண்டால் ஊருக்குக் கேக்க வேணுமெல்லோ. கோயிலிலையும் உள்ளுக்கை இருக்கிறது சாமி மட்டும்தானே."

நூறு கதிரை

நூறு கதிரை போட்டிருந்தோம். நாலு மணிக்கு அவற்றில் இருந்தவர்களைச் சொல்கிறேன், விரலை மடியுங்கள். தலைவர், நான், பேப்பர் வாசிக்க ஒவ்வொரு ஞாயிறும் வருகிற ஒரு பெரியவர். தருமர் தன் பெட்டிக்கு மேல் இருந்தார், ஆகவே அவரைக் கதிரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

டாக்குத்தர் நல்ல மனிதர். வெறும் கதிரைகளைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. தொட்டால் வராது, ஒரே கோப்பையில் குடித்தால் வராது, இது குட்டரோகம் இல்லை, முன்செய்த பாவம் இல்லை, மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் வருகிறது என்பது வெறுங்கதை என்று ஒவ்வொன்றாக, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அன்னம்மாக்கா இருந்து கேட்டிருக்கவேண்டிய பேச்சு. கேட்டது தொண்ணூற்றேழு கதிரை. எனக்கு அழுகை வராத குறை. இதற்கா சத்தியம் செய்து, பசை காய்ச்சி, மாஸ்டரிடம் பேச்சு வாங்கினேன் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தபோது, பேப்பர்ப் பெரியவர் என் தோளைத் தட்டினார். இவராவது ஏதோ கேட்கிறாரே என்று ஆவலோடு திரும்பினேன். "கொஞ்சம் மெல்லமாக் கதைக்கச் சொல்லுங்கோ தம்பி, பேப்பர் வாசிக்க ஏலாமல் கிடக்கு."

வேலியின் கேள்விகள்

கேள்வி ஏதும் உண்டா என்று டாக்குத்தர் ஒலிவாங்கியில் கேட்டார். மூச்சுக்காட்ட ஆளில்லை. நான் வாசலுக்கு வந்து ஒழுங்கையை எட்டிப் பார்த்தேன். ஒரு குருவியும் இல்லை. ஆனால் எதிர்வேலிக் கிடுகு அசைந்தது. கிடுகுக்குப் பின்னால் ஒருவர் இருமினார். அதற்கு அடுத்த வேலிக்குள் யாரோ வாளியை மெதுவாகக் கீழே வைக்கிற சத்தம். கொஞ்சத் தூரம் நடந்தேன். வேலி நெடுகச் சனம். ஊர் முழுக்க அவரவர் வளவுக்குள், வேலியோடு காதை வைத்துக்கொண்டு நின்றது. வந்தால்தானே வந்ததென்று ஊர் சொல்லும்? தங்கள் வளவுக்குள் நிற்பதை யார் என்ன சொல்வது?

எதிர்வேலியிலிருந்து ஒரு பெண்குரல், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருமோ என்று டாக்குத்தரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னது. நான் உள்ளே ஓடிக் கேட்டேன். சிலவேளை வரலாம், பெரும்பாலும் வராது என்று டாக்குத்தர் எட்டுக் குழாயிலும் சொன்னார். அடுத்த வேலி கேட்டது, பிறகு அதற்கடுத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலிக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே நான் பன்னிரண்டு தரமாவது ஓடியிருப்பேன். உபயகாரர் ராசா மாதிரி என்று சொன்னேனே, அந்த ராசா நாக்குத் தள்ளிப்போய் நின்றார். கடைசியாக ஒரு வேலிக்குள்ளிருந்து ஆண்குரல் ஒன்று, வெயிலில் நின்றால் கூடுமோ குறையுமோ என்று கேட்டுவிட்டு, நான் திரும்புமுன் கிடுகு ஓட்டையால் அவசரமாகச் சொன்னது: "ஆர் கேட்டதெண்டு ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." அவர் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மீன் பணிஸ்

இடையில் தேத்தண்ணி. சந்தையடிப் பேக்கரியில் நூற்றிருபது மீன் பணிஸ் சொல்லியிருந்தேன், கூடவே நல்ல பால் தேத்தண்ணி. தலைவர் தட்டத்தைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. மீனும் பாலும்! வெண்புள்ளிக் கூட்டத்தில்! உலகத்தில் வேறு எந்தப் பலகாரமும் என் மண்டையில் வரவில்லையா? தலைவர் தனக்கு வயிறு சரியில்லை என்றார். தருமர் தான் விரதம் என்றார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன விரதமோ. பேப்பர்ப் பெரியவர் பணிஸை எடுத்துக்கொண்டு தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை டாக்குத்தர். அரைமணிக்கு முன்னர்தானே அவர் வாயாலேயே, மீனுக்கும் பாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஊர் கேட்கச் சொன்னார்? அவர் ஒரு பணிஸைக் கடித்தார். என் மனம் குளிர்ந்தது. கோப்பையை நீட்டினேன். அதை வாங்காமல், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எதுக்கும் எனக்கு ஒரு வெறுந்தேத்தண்ணி தாங்கோ."

நல்ல காலம், ஒலிவாங்கி தூரத்தில் இருந்தது.

நன்றியுரை

எங்கள் ஊரில் நன்றியுரை என்பது கூட்டத்தைவிட நீளமானது. ஒருவர் பேரும் விடுபடக்கூடாது. விடுபட்டால் அவர் குடும்பம் வாசிகசாலைப் படியை அடுத்த பரம்பரை வரைக்கும் மிதிக்காது. தலைவர் ஆண்டவனில் தொடங்கினார். டாக்குத்தர், உபயகாரராகிய நான், கதிரை தந்த கடை, ஒலிபெருக்கித் தருமர், பேக்கரி, பசைக்கு மா தந்த அவருடைய மனைவி எல்லாருக்கும் நன்றி சொன்னார். எல்லாரும் முடிந்தார்கள் என்று நான் எழும்பினேன். அவர் முடிக்கவில்லை.

"இக்கூட்டத்துக்கு மூலகாரணமாய் அமைந்தவரும், இந்நோய்க்கு ஆளாகியும் மனந்தளராது மருந்துக்கடையில் சேவையாற்றி வருபவருமாகிய திருவாளர் கனகலிங்கம் அவர்களுக்கும் எமது உளமார்ந்த நன்றி."

எட்டுக் குழாய். சந்தி வரைக்கும். கனகலிங்கத்தின் வீடு மூன்றாவது பனைக்குப் பின்னால்.  ஓடிப் போய்ப் பிடுங்குவதற்கு வயரும் தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் தலைவரை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், என்ன செய்துவிட்டீர்கள் என்று தெரியுமா, நான் சத்தியம் பண்ணினேனே என்று கேட்டேன். அந்தத் தங்கமான மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை ஆறுதல்படுத்துவது போலக் கையைப் பிடித்துக்கொண்டார்: "எல்லாருக்கும் சொல்லிப்போட்டு அவருக்குச் சொல்லாமல் விட்டால் குறை நினைப்பாரெல்லே?"

துண்டும் நானும்

திங்கட்கிழமை கனகலிங்கம் வரவில்லை. அவன் சைக்கிள் சாத்துகிற இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை, ஒரு பெட்டியை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

சனமோ ஒருநாளும் இல்லாத சனம். வந்தவர்கள் எல்லாரும் துண்டை நீட்டிவிட்டு என்னைத் தாண்டிப் பின்னறையைப் பார்த்தார்கள். நான் துண்டைக் கிட்டப் பிடித்தேன், எட்டப் பிடித்தேன், வெளிச்சத்துக்குக் காட்டினேன். இருமலுக்கு வந்தவரிடம் வயிற்றுப்போக்கு எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறு பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். பத்து மணிக்கு அன்னம்மாக்கா வந்தார். அவருடைய குளிசையை நான் அலுமாரியில் மேல்தட்டிலும் தேடினேன், கீழ்த்தட்டிலும் தேடினேன். கடைசியில் நான் எடுத்துக் கொடுத்ததை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது நிறம் வேறு என்றார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டார். காசைத்தான் அப்படி வைப்பார் என்று பார்த்திருக்கிறேன். "உங்கடை கையிலை வெள்ளை இல்லைத்தான் தம்பி, ஆனா வாசிக்கத் தெரியாத கையாலை மருந்து வாங்க எனக்குப் பயமாக்கிடக்கு. அவரைப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

இரண்டு மாதத்துக்கு முதல் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, மனுசி?

படலையடியில்

கடையைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். வழி நெடுக என்ன சொல்வதென்று கட்டிக்கொண்டு போனதெல்லாம், படலையடியில் அவனைக் கண்டதும் மறந்துவிட்டது. முற்றத்தில் ஒரு தகரப்பெட்டி கட்டி வைத்திருந்தது. தைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. லவுட்ஸ்பீக்கரில் தன் பேரைக் கேட்டதும் தாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் இருந்துவிட்டாவாம், இன்னும் சரியாகக் கதைக்கவில்லையாம். "நீங்கள் சத்தியம் பண்ணினனீங்கள் அண்ணை" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒருதரம்தான். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பக்கத்து வேலிக் கிடுகு விலகியது. ஒரு கிழவர், உள்ளங்காலில் வந்தால் என்ன செய்வது என்று அவனைக் கேட்டார். கனகலிங்கம் பெருமூச்சு விட்டுப் பொறுமையாகப் பதில் சொன்னான். அது முடியப் பின்வேலிப் பொட்டுக்குள்ளால் இரண்டு பெண்கள் புகுந்து வந்து, கிணற்றடியில் காத்துக்கொண்டு நின்றார்கள். விடிந்ததிலிருந்து இதே பாடாம். டாக்குத்தரிடம் கேட்க வெட்கமான கேள்வியெல்லாம், வெள்ளை உள்ளவனிடம் கேட்கலாம் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. நேற்று எட்டுக் குழாயில் அவன் பேரைச் சொன்னதை, இவனிடம் போய்க் கேட்கலாம் என்ற அறிவித்தலாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் கிணற்றடியைப் பார்த்தான், தகரப்பெட்டியைப் பார்த்தான், பிறகு சைக்கிளை எடுத்தான். "வாங்கோ அண்ணை, போவம். கடை எண்டால் மத்தியானத்திலையாவது பூட்டலாம்."

நீர் கொஞ்சம் வெளியில் நில்லும்

தை பிறந்தது, அவன் போகவில்லை. அவன் திரும்பி வந்த முதல் கிழமையிலேயே அன்னம்மாக்கா அவன் கையிலேயே குளிசை வாங்கினார், ஒன்றும் நடக்காதது போல. மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் ஒரு சுரைக்காயை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், கடை வெறிச்சோடிக் கிடந்த நேரம், பொன்னம்பலம் மாஸ்டர் வந்தார். மதில் விஷயத்துக்குப் பிறகு என்னோடு கதைக்காதவர். பின்னால் குடைக்குள் மகள், முழுக்கைச் சட்டை. மாஸ்டர் என்னைத் தாண்டிக் கனகலிங்கத்திடம் போனார். தொண்டையைச் செருமினார். தெல்லிப்பழையில் தங்கள் சொந்தத்தில் ஓராளுக்கு என்று தொடங்கினார்.

"இல்லை அப்பா, எனக்குத்தான்" என்றது அந்தப் பிள்ளை.

குடையை மடக்கிவிட்டு, சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி முழங்கை வரைக்கும் மடித்து, கையைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். மூன்று இடத்தில் வெள்ளை. பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பி வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கனகலிங்கம் தன் கையையும் பக்கத்தில் வைத்தான். இரண்டு கையும் அந்தக் கண்ணாடிக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்பது நோட்டீஸைச் சொத்தென்று போட்ட அதே கண்ணாடி. ஏதாவது சொல்லவேண்டும் போல வாயைத் திறந்தேன். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்: "நீர் கொஞ்சம் வெளியிலை நில்லும். நாங்கள் தம்பியோடை கதைக்கோணும்."

என் கடை. என் வாசல். மாசி வெயில். நின்றேன்.

அதற்குப் பிறகு அப்படி எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மத்தியானம் நான் வெளியில் நின்றேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே ஊருக்கு நல்லது செய்ய உபயம் எடுக்க நினைக்கும் என் போன்ற பாவிகளே, மேளம் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, முதலில் கடை வாசலில் ஒரு வேம்பை நட்டு வையுங்கள்.